அக்கா மகளின் சிற்பத் தொகுப்பும் பாளையங்கோட்டை ஆசிரியரும்

நியூ ஜெர்சியில் பதினோராம் வகுப்பை முடித்துவிட்டு, அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த என் அக்கா மகளுக்கு, அடுத்த மே மாதத் தொடக்கத்துக்குள் ஒரு சிற்பத் தொகுப்பைச் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. பள்ளியில் அவள் எடுத்திருந்த பாடம் ஏ.பி. த்ரீ-டி ஆர்ட் அண்ட் டிசைன். ஏ.பி. (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) என்பது பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடங்களைப் படிக்கும் அமெரிக்கத் திட்டம். பள்ளி திறந்த பிறகுதான் வகுப்பு தொடங்கும் என்றாலும், முன்பே செய்த படைப்புகளையும் தொகுப்பில் சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆகவே விடுமுறையிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்றும், அதற்கு இங்கே ஓர் ஆசிரியரைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் அக்கா என்னிடம் சொன்னாள். பாளையங்கோட்டையில் இருக்கும் எனக்குக் கலைப் பயிற்சி எதுவும் கிடையாது. ஆசிரியரைத் தேடியதிலும், பொருள்களுக்கு அலைந்ததிலும், படமெடுக்கும்போது துணியைப் பிடித்துக்கொண்டு நின்றதிலும் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கும் சித்தி, அத்தைமாருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

இந்தப் பாடத்துக்கு உட்கார்ந்து எழுதும் தேர்வு கிடையாது என்பதை உறவினர்களுக்குப் புரியவைப்பதே முதல் வேலையாக இருந்தது. ‘மண்ணைப் பிசைவதற்கு மார்க் போடுவார்களா?’ என்று கேட்காதவர் இல்லை. போடுகிறார்கள். காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் இந்தத் திட்டத்தில், மாணவர் இணையவழியே அனுப்பும் படங்களையும் சிறு குறிப்புகளையும் வைத்து 1 முதல் 5 வரை மதிப்பெண் வழங்கப்படுகிறது. தொகுப்புக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பல மாதங்கள் தொடர்ந்து செய்த வேலையைக் காட்டும் முதல் பகுதிக்கு 15 படங்கள். முடிந்த படைப்புகளோடு செய்முறையைக் காட்டும் படங்களும் இதில் அடங்கும். மொத்த மதிப்பெண்ணில் 60 விழுக்காடு இதற்குத்தான். மற்றப் பகுதியில் மாணவர் தாமே தேர்ந்தெடுத்த ஐந்து படைப்புகளை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோணங்கள் வீதம் பத்துப் படங்களாக அனுப்ப வேண்டும். இதற்கு 40 விழுக்காடு. ஒரே படைப்பு இரண்டு பகுதிகளிலும் இடம்பெறலாம். குறிப்புகளின் அளவும் கேள்விகளின் வாசகமும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், முந்தைய ஆண்டு எழுதிய பிள்ளைகள் சொல்வதை நம்பாமல் அந்தந்த ஆண்டின் விதிகளை காலேஜ் போர்டின் தளத்திலேயே படித்துக்கொள்வது நல்லது.

இதைப் படித்தபோது ஒன்று தெளிவானது. மதிப்பிடுகிறவர் கையில் சிற்பம் போய்ச் சேர்வதே இல்லை; படம் மட்டுமே சேர்கிறது. அந்தப் படத்திலும் அழகான முடிவை மட்டும் அவர் தேடுவதில்லை. மாணவர் என்ன கேட்டுக்கொண்டார், எதை முயன்று பார்த்தார், எதை மாற்றினார் என்பதற்கான தடயத்தையும் தேடுகிறார். அப்படியானால் நமக்கு வேண்டிய ஆசிரியர், பிள்ளையின் கையிலிருந்து மண்ணை வாங்கித் தாமே திருத்திக் கொடுக்கிறவராக இருக்கக் கூடாது.

முதலில் இணையத்தில் விளம்பரம் செய்திருந்த ஒரு பயிற்சி நிறுவனத்தோடு பேசிப் பார்த்தோம். டாலரில் கட்டணம் சொன்னார்கள், ஐந்து மதிப்பெண்ணுக்கு உறுதி தருவதாகச் சொன்னார்கள், அதுவரையிலும் பொறுத்துக்கொள்ளலாம். ‘கருப்பொருள்’ பட்டியல் ஒன்றை அனுப்பி அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதோடு, கடைசி நேரத்தில் வேலை முடியாமல் போனால் தங்கள் கலைஞர்கள் ‘ஃபினிஷிங்’ செய்து தருவார்கள் என்றும் சொன்னபோது அழைப்பை முடித்துக்கொண்டோம். தொகுப்பில் இருப்பவை மாணவரின் சொந்த வேலையாக இருக்க வேண்டும் என்பது விதி. அதை மீறுவதற்குப் பணமும் கொடுப்பதா என்ற எரிச்சல் அன்று முழுவதும் எனக்கு அடங்கவில்லை.

பிறகு அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் சிற்பம் படித்துவிட்டு இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கும் ஒருவர் கிடைத்தார். ஏ.பி. என்ற பெயரையே அவர் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அது ஒரு குறையாக எனக்குப் படவில்லை, ஏனென்றால் விதிகளை நாங்கள் படித்துச் சொல்லிவிட முடியும். மண்ணையும் உருவத்தையும் பற்றி அவருக்குத் தெரிந்ததை நாங்கள் எங்கும் படித்துவிட முடியாது. நேரில் பார்க்கப் போனபோது மூன்று செய்திகளை மட்டும் கேட்டேன்: முன்பு கற்றுக்கொடுத்த மாணவர்களின் வேலை ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருக்கிறதா, பிள்ளை தப்பாகச் செய்யும்போது அவர் என்ன செய்வார், சொந்த வேலை எதையாவது இப்போதும் செய்துகொண்டிருக்கிறாரா. இரண்டாவது கேள்விக்கு அவர், “எங்கே தப்புன்னு அவங்களே கண்டுபிடிக்கிற வரைக்கும் சுத்திவந்து பாக்கச் சொல்லுவேன்” என்றார். அந்த இடத்திலேயே முடிவுசெய்துவிட்டோம்.

முதல் வகுப்பில் மண்ணே எடுக்கவில்லை. “என்ன செய்யப் போற?” என்று ஆசிரியர் கேட்டதற்கு, ‘என் வேர்கள்’ என்று அவள் சொன்னாள். வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதைத்தான் சொல்வார்கள் போலும். அவர் அதை மறுக்கவில்லை. அது தலைப்பாக இருக்கிறதே தவிரக் கேள்வியாக இல்லை என்று மட்டும் சொல்லி, ஆச்சி வீட்டில் அவள் கண்ணில் திரும்பத் திரும்பப் படும் பொருள்களை வரைந்துவரச் சொன்னார். ஊறுகாய்ப் பரணி, மாவு உள்ள அடுக்குப் பானை, யாரும் தண்ணீர் நிரப்பாத மண்குடம் என்று அவள் வரைந்துவந்தவை எல்லாமே எதையோ உள்ளே வைத்துக்கொள்ளும் பாத்திரங்களாக இருந்ததை, அவர் சுட்டிக்காட்டாமல் தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பி வைத்தார். சற்று நேரத்தில் அவளே சொன்னாள். அதிலிருந்து, ‘ஒரு பாத்திரத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடத்தை வெளியிலிருந்து பார்க்கும்படி செய்ய முடியுமா?’ என்ற கேள்விக்கு வந்து சேர இரண்டு மூன்று வகுப்புகள் ஆயின. அந்த வகுப்புகளுக்கும் நாங்கள் கட்டணம் கொடுத்தோம். எதுவும் செய்யாமல் பேசிக்கொண்டிருக்கிறார்களே என்று அக்கா தொலைபேசியில் கவலைப்பட்டாள். தொகுப்பு முழுவதும் அந்தக் கேள்வியில்தான் நின்றது என்பதால், செலவிட்டதில் மிகவும் பயன்பட்ட பணம் அதுவே என்பது என் எண்ணம்.

அடுத்து அவர் திருச்செந்தூர் சாலையில் எங்களை அழைத்துப் போனார். வழியில் கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயில். நாயக்கர் காலத்துச் சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்கள் நகையையும் நகத்தையும் வியந்துவிட்டுப் போவார்கள். இவர் அவளைத் தூணைச் சுற்றிவரச் செய்து, கைக்கும் இடுப்புக்கும் நடுவே கல் இல்லாத இடங்களை மட்டும் வரையச் சொன்னார். ஒரே கல்லில் எதை விட்டுவைத்தார்கள் என்பதை விட்டு எதை எடுத்துப் போட்டார்கள் என்று பார்க்கும்போது, அந்த உருவத்தின் அசைவு எங்கிருந்து வருகிறது என்பது எனக்கே ஓரளவு விளங்கிற்று. அங்கிருந்து ஆதிச்சநல்லூர். அகழ்ந்த குழிகளை அப்படியே விட்டு மேலே கண்ணாடித் தளம் போட்டு 2023-இல் திறந்த காட்சிக்கூடத்தில், முதுமக்கள் தாழிகளைக் காலுக்குக் கீழே, வாய்ப்பக்கத்திலிருந்து பார்க்கலாம். பாத்திரத்தை மேலிருந்து, உள்ளே நோக்கிப் பார்க்கும் அந்தக் கோணத்தைப் பிறகு அவள் பல படங்களில் எடுத்துக்கொண்டாள்.

மண் வேலைக்குக் காருகுறிச்சி. அம்பாசமுத்திரத்திலிருந்து செங்கோட்டை – திருநெல்வேலி பாசஞ்சரில் ஏறினால் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டியதும் இறங்கிவிடலாம். அங்கே பரம்பரையாக மண்பாண்டம் வனையும் ஒரு பெரியவரிடம் பிசைந்த மண்ணையும் சூளையில் இடத்தையும் விலைக்கு வாங்கிக்கொண்டோம். குளத்து மண்ணை நாமாக வெட்டிவர அனுமதி கிடையாது. வாங்கினாலும் நமக்கு அதில் மணல் சேர்க்கும் பதம் தெரியாது. சக்கரத்தில் வனையப் பழகுவதற்கு ஒரு விடுமுறை போதாது என்பதால், மண்ணைத் திரியாக உருட்டி வளையம் வளையமாக அடுக்கி எழுப்பும் முறையை ஆசிரியர் தேர்ந்தார். பொருத்தும் இடங்களைக் கீறி, களிக்குழம்பு தடவித்தான் அடுத்த வளையத்தை வைக்க வேண்டும். அவள் செய்த முதல் பானை வெளியிலிருந்து பார்க்க நன்றாகவே இருந்தது. பெரியவர் அதைத் தொடவில்லை. “உள்ள கையை விட்டுப் பாரு தாயி, கனம் தெரியும்” என்றார். அடியில் இரண்டு விரல் கனமும் தோளில் அரை விரல் கனமுமாக இருந்தது. இப்படிக் கனம் மாறினால் காயும்போது ஒரு பக்கம் முந்திச் சுருங்கிக் கீறல் விடும். தடித்த இடத்தில் ஈரம் தங்கிவிட்டால் சூளையில் நீராவியாகி வெடிக்கும்.

எங்கள் பக்கத்தில் விடுமுறை வேலைக்கு இன்னொரு தடையும் உண்டு. அமெரிக்கப் பள்ளி விடுமுறை ஏறத்தாழ ஆனியிலிருந்து ஆவணி வரை வருகிறது. அது மலையடிவாரத்தில் சாரலும் காற்றுமான காலம். சாரல் நாளில் பானை காயாது. காற்று நாளில் காற்றடிக்கும் பக்கம் மட்டும் காயும். ஈரத் துணி சுற்றி, மேலே பாலிதீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, நாளுக்கொரு முறை திருப்பி வைத்து, நிழலில் காயவிட வேண்டியிருந்தது. ஆகவே திரும்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, சூளை வைக்கும் நாள், காயும் நாட்கள், செய்யும் நாட்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். சூளை நமக்காக எரிவதில்லை. பெரியவர் தம் சரக்கு சேர்ந்ததும் வைப்பார், அதில் நம்முடையதும் போகும். சுடுவதை அவர் செய்வது விதிக்கு உட்பட்டதுதானா என்று பள்ளியின் கலை ஆசிரியருக்கு எழுதிக் கேட்டு, உருவாக்குவது முழுவதும் அவள் கை என்பதால் தடையில்லை என்ற பதிலையும் வாங்கிக்கொண்ட பிறகே சூளைக்கு அனுப்பினோம்.

சுட்ட பானை கைக்கு வந்தபின் தொடங்கியதுதான் உண்மையான பரிசோதனை. பானையின் உள்ளே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, இறுகியதும் பானையை உடைத்துவிட்டால், உள்ளே இருந்த வெற்றிடம் வெள்ளைக் கட்டியாக வெளியே வரும். இந்த எண்ணம் அவளுக்குத் தோன்றியபோது, பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட் இதே வழியில் ஒரு முழு வீட்டின் உட்புறத்தையே கான்கிரீட்டில் வார்த்து 1993-இல் செய்த படைப்பின் படத்தை ஆசிரியர் அவளுக்குக் காட்டினார். தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் காட்டாமல் விட்டிருந்தால் பின்னால் சிக்கல். பிறர் படைப்பிலிருந்து எடுத்துக்கொள்வதை மறைப்பதும், அதைப் பெரிதாக மாற்றாமல் பயன்படுத்துவதும் இந்தத் திட்டத்தில் கூடாதவை. வைட்ரீட் வார்த்ததோடு நிறுத்தினார், நீ வார்த்ததை வைத்து மேலே என்ன செய்யப் போகிறாய் என்பதே அவர் அவளிடம் விட்ட கேள்வி.

வார்க்கும் வேலை ஆச்சி வீட்டில் நடப்பதாக இருந்தது. “நல்ல பானையை வீட்டுக்குள்ள வச்சு உடைக்கதாவது!” என்று ஆச்சி ஒரே பிடியாக நின்றுவிட்டார்கள். இழவு வீட்டில் கொள்ளிக்குடம் உடைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் வாதாடிப் பயனில்லை. எல்லாம் ஆசிரியர் வீட்டு மொட்டைமாடிக்குப் போயிற்று. சுட்ட மண் பிளாஸ்டரின் நீரை உறிஞ்சிவிடும் என்பதால் பானையை முன்னதாகவே தண்ணீரில் ஊறவைத்து, உட்புறத்தில் சோப்புக் கரைசலைப் பூச வேண்டும். தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவ வேண்டுமே தவிர, பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றக் கூடாது; அப்படிச் செய்தால் கட்டி தட்டும். கலக்கிய பிறகு ஊற்றுவதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். இறுகும்போது அது நன்றாகச் சூடேறும், ஆகவே கையை உள்ளே வைத்திருக்கக் கூடாது. வாளியில் மீந்ததைச் சாக்கடையில் கழுவி ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இறுகவிட்டு உடைத்துக் குப்பையில் போட வேண்டும். சுத்தியலால் மெல்லத் தட்டத் தட்ட, ஓடு சில்லுச் சில்லாக விழுந்து வெள்ளை உருவம் வெளியே வந்தபோது, அவள் உள்ளே விரலால் அழுத்தி ஒட்டிய ஒவ்வொரு வளையத்தின் தடமும், எதிரெதிராகப் பள்ளம் மேடாக மாறி, அதன்மேல் தெளிவாகப் பதிந்திருந்தது. பெரியவர் சொன்ன கனம் மாறிய இடம்கூட அதில் தெரிந்தது.

அந்த வெள்ளை உருவத்தைச் சுற்றிப் பனையோலையால் பின்னியது மூன்றாம் கட்டம். திசையன்விளைப் பக்கத்தில் பெட்டி முடையும் ஓர் அக்காவிடம் அடிப் பின்னலைக் கற்றுக்கொண்டாள். ஓலை ஈரமாக இருக்கும்போது பின்ன வேண்டும். காய்ந்ததும் அது சுருங்கி இடையிடையே சந்து விடும். சந்து விழக் கூடாது என்று அந்த அக்கா இறுக்கிக் காட்ட, இவளோ அந்தச் சந்துகளின் வழியாக உட்புறம் தெரிவதே தனக்கு வேண்டியது என்று விட்டுவிட்டாள். வாய் குறுகலாக இருந்ததால் உள்ளே இருக்கும் பிளாஸ்டரை உளியால் உடைத்துத் துண்டு துண்டாக எடுத்தாள். மிஞ்சியது ஓலைக்கூடு. பானையை உடைத்து வார்ப்பு, வார்ப்பை உடைத்துக் கூடு என்று ஒன்று போய் ஒன்று வரும் இந்த வரிசை எவரும் திட்டமிட்டுக் கொடுத்ததன்று. ஒவ்வொன்றும் அடுத்த கட்டத்தில் அழிந்துவிடும் என்பதால், அழிப்பதற்கு முன் படமெடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கூடவே வந்தது.

படமெடுப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல வேலையைச் செய்துவிட்டு இதில் கோட்டைவிடுவோர் அதிகம். காலை வெயில் நேரே விழாத ஆச்சி வீட்டுத் தார்சா எனப்படும் முன்கூடத்தில், சுவரிலிருந்து மேசைவரை மடிப்பில்லாமல் வளைத்து இறக்கிய சாம்பல் நிறத் துணியின்மேல் வைத்து எடுத்தோம். வெள்ளைப் பின்னணியில் பிளாஸ்டர் காணாமல் போகும். பூப்போட்ட விரிப்பில் எதுவும் எடுபடாது. கைபேசியை மிக அருகில் கொண்டுபோனால் பானையின் வயிறு உப்பித் தெரியும், ஆகையால் தள்ளி நின்று சற்றுப் பெரிதாக்கி எடுக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வரட்டும். இரண்டு பக்கமும் விளக்கு வைத்தால் நிழல் போய் உருவம் தட்டையாகிவிடும். இரண்டாவது கோணம் என்பது சற்றுத் திருப்பி வைத்து எடுப்பதன்று. முதல் படத்தில் தெரியாத ஒன்றை, அதாவது வாயையோ அடியையோ உட்புறத்தையோ, அது காட்ட வேண்டும். மாணவரின் பெயரோ பள்ளியின் பெயரோ படத்தில் எங்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். கடைசியாக ஒன்று: படங்களே போதும் என்பதால், கனமான மண் வேலைகளைப் பெட்டியில் அடைத்து விமானத்தில் உடைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. ஓலைக்கூட்டை மட்டும் அவள் எடுத்துப் போனாள். தாவரப் பொருள் என்று இறங்குமிடத்தில் அறிவித்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

அவள் ஊர் திரும்பிய பிறகு ஞாயிறுதோறும் நமது மாலை ஏழரை மணிக்குக் காணொளி வகுப்பு நடந்தது. அங்கே அது காலை பத்து மணி. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு ஒன்பது மணி. பள்ளிச் சூளையில் அவள் செய்த புதிய வேலைகளைச் சுழல்மேடையில் வைத்து மெல்லச் சுற்றிக் காட்டுவாள். ஆசிரியர் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தி, ஏன் அங்கே நிறுத்தச் சொன்னார் என்று அவள் ஊகிக்க வேண்டும். குறிப்பு எழுதும்போதும் இதே கதைதான். ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வராது. அது எங்களுக்கு நல்லதாகவே முடிந்தது. என்ன கேள்வியில் தொடங்கினாய், எங்கே மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று அவர் தமிழில் கேட்க, அவள் தமிழும் ஆங்கிலமுமாகச் சொன்ன பதிலைப் பதிவுசெய்து, பிறகு தானே உட்கார்ந்து சுருக்கி எழுதினாள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் படைப்பின் எந்தக் கட்டத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று காலேஜ் போர்டு திட்டவட்டமாகத் தடைசெய்திருப்பதால், ‘கொஞ்சம் மெருகேற்றிக்கொள்ளலாமே’ என்று யோசனை சொன்னவர்களிடமும் விலகியே இருந்தோம்.

கட்டணத்தை மணிக்கணக்கில் பேசாதீர்கள். மணிக்கணக்கு என்றால் மண் காயக் காத்திருப்பதெல்லாம் வீண்செலவாகத் தோன்றும். ஆசிரியரை அவசரப்படுத்தத் தொடங்கிவிடுவோம். மாதத்துக்கு இவ்வளவு, பொருள்செலவு தனி என்று பேசி, அவர் எதைச் செய்வார், எதைச் செய்யமாட்டார் என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டோம். காருகுறிச்சிப் பெரியவருக்கும் ஓலை முடையும் அக்காவுக்கும் பொருளின் விலையை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது. அவர்கள் கற்றுக்கொடுத்த நேரத்துக்கும் ஆசிரியருக்குக் கொடுப்பதைப் போலவே கொடுக்க வேண்டும். இதில் பேரம் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏ.பி. மதிப்பெண் ஜூலையில்தான் வரும். அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்திருக்கும். கலைக் கல்லூரிகளுக்கான போர்ட்ஃபோலியோ வேறு, அது பல இடங்களில் ஜனவரியை ஒட்டியே கேட்கப்படுகிறது. ரோட் ஐலண்டு ஸ்கூல் ஆஃப் டிசைன் போன்ற இடத்தில் 12 முதல் 20 படைப்புகள் வேண்டும். விடுமுறையில் எடுத்த படங்கள் இருந்ததால் அவளால் இரண்டையும் சமாளிக்க முடிந்தது. ஏ.பி.யில் நான்கு வந்தது.

இங்கேயே படிக்கும் பிள்ளைகள் சிலரும் இப்போது அதே ஆசிரியரிடம் போகிறார்கள். அவர்களுக்கு அவர் நடத்துவது முற்றிலும் வேறு வகுப்பு. ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்டின் நுழைவில் சூழல் தேர்வு என்ற செய்முறைத் தேர்வில், கொடுக்கப்படும் பொருள்களை வைத்துக் குறித்த நேரத்துக்குள் மாதிரி ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். ஆகவே அட்டை, கம்பி, நூல், ஐஸ்குச்சி ஆகியவற்றைக் கொடுத்துக் கடிகாரத்தை எதிரே வைத்துவிடுகிறார். மாதக்கணக்கில் ஒரே கேள்வியோடு இருக்கும் பயிற்சி அங்கே உதவாது, அந்த வேகப் பயிற்சி இங்கே உதவாது. எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுச் சேர்க்கைக்கு என்பதை விதிகளின் அச்சுப் பிரதியோடு முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால், தம்மால் முடியுமா முடியாதா என்று அவர் அன்றைக்கே சொல்லிவிடுவார்.